முற்றிப்போன காய், முதிர்ந்த மரம்: அறிகுறி பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது

சேலத்தில் மாங்காய்க் காலம் தொடங்கிவிட்டால் இரண்டு புலம்பல்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒன்று, "வெளியே பார்த்தால் தங்கமாட்டம் இருக்கு, அறுத்தால் உள்ளே கூழாகிக் கிடக்கு" என்பது. இன்னொன்று, "மரம் கிழடு தட்டிப்போச்சு, காய்ப்பே இல்லை, வெட்டி விறகுக்குப் போட்டுவிடலாமா" என்பது. பருவம் தாண்டியதால் வரும் தொல்லைகள்தான் இரண்டும். ஆனால் தீர்வு ஒன்றல்ல. பருவம் தாண்டிய பழத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எந்த மருந்தும் கிடையாது. கையில் இருப்பதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று பார்த்துவிட்டு, அடுத்த வருடம் பறிக்கும் நாளை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். மரம் அப்படி இல்லை. அடியும் வேரும் நன்றாக இருந்தால், அறுபது வயது மாமரத்தைக்கூட மறுபடி காய்க்க வைக்கலாம். நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். திரும்ப முடியாத பழத்துக்கு மருந்து தேடுகிறார்கள், திருப்பிவிடக்கூடிய மரத்துக்குக் கோடாலி எடுக்கிறார்கள்.

கீழே உள்ளதில் உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியைத் தேடிப் படியுங்கள். வரகம்பாடி, குப்பனூர், வாழப்பாடிப் பக்கத்து மாந்தோப்புகளையும் ஏற்காட்டின் காபி, ஆரஞ்சுத் தோட்டங்களையும் மனதில் வைத்து எழுதியது இது. எதற்கும் மருந்துக் கடைக்குப் போகும் முன் ஒரு பழத்தை அறுத்துப் பாருங்கள், ஒரு கிளையை ஒடித்துப் பாருங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மாம்பழம் வெளியே நன்றாக இருக்கிறது, அறுத்தால் கொட்டையைச் சுற்றிக் கூழ் அல்லது வெளுத்த பஞ்சு

முதலில் பழத்தின் தோலைப் பாருங்கள். தோல் சுருங்கி, சதை ரப்பர் போல இழுத்து, புளிப்பும் போகாமல் இருந்தால் அது வெம்பல். முற்றும் முன்பே பறித்த காய். நீங்கள் தேடும் பிரச்சினை அதற்கு நேர் எதிரானது: தோல் மழமழவென்று இருக்கும், மணமும் வரும், ஆனால் கொட்டையை ஒட்டிய சதை மட்டும் தண்ணீர் கோத்துக் கூழாகவோ, வெளுத்துப் பஞ்சு போலவோ, பழுப்பேறியோ இருக்கும். கொட்டையைப் பிளந்து பாருங்கள். பருப்பு உப்பிப் பிளந்தோ, முளைவேர் நீண்டோ இருந்தால் சந்தேகமே வேண்டாம், காய் மரத்தில் அதிக நாள் தொங்கிவிட்டது.

இதற்குக் காரணம் மாங்கொட்டையின் குணம். நெல், உளுந்து போன்ற விதைகள் காய்ந்து உறங்கும், எடுத்து வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். மாங்கொட்டைக்கு அந்த உறக்கம் இல்லை. ஈரம் வற்றினால் செத்துவிடும், ஈரம் இருந்தால் உடனே முளைக்கப் பார்க்கும். காய் முற்றியும் கிளையிலேயே தொங்கினால் கொட்டை உள்ளுக்குள்ளேயே முளைக்கும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அல்போன்சா ரகத்தின் பஞ்சுச் சதைக் குறையை இந்த முளைப்போடுதான் தொடர்புபடுத்தினார்கள். வெயிலில் காய்ந்த வெற்றுத் தரையிலிருந்து எழும் அனலும் சேர்ந்துகொண்டால் குறை அதிகமாகும். அல்போன்சா இதில் பேர்போனது. மற்ற ரகங்களும் தாமதமாகப் பறித்தால் கொட்டையோரம் கூழாகும்.

இங்கே ஒரு நம்பிக்கையைத் தொட்டாக வேண்டும். "மரத்திலேயே பழுத்தது" என்று சொல்லிக் கொடுத்தால் நாம் சந்தோஷமாகக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். மாம்பழத்தைப் பொறுத்தவரை அது சரியான அளவுகோல் இல்லை. மாங்காய் மரத்தில் முற்ற வேண்டும், பழுப்பது கீழே நடக்கலாம். முற்றிய காயில் மாவுச்சத்து முழுதாகச் சேர்ந்துவிடுகிறது. பறித்த பிறகு அந்த மாவு சர்க்கரையாக மாறும், புளிப்பு இறங்கும், தோல் நிறம் மாறும். இந்த வேலைக்கு மரம் தேவையில்லை. முற்றாத காயைப் பறித்துக் கால்சியம் கார்பைடு போட்டுப் பழுக்க வைப்பதுதான் தவறு, அது சட்டப்படியும் தடை. பழுக்க வைக்கும் எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவு வரை அனுமதி உண்டு. முற்றிய காய்க்கு வைக்கோலும் நாலைந்து நாள் பொறுமையும் போதும்.

கையில் உள்ள பழத்தை என்ன செய்வது? கூழான பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, வாடை புளிக்காமல் இருந்தால் மீதிச் சதையை அன்றே சாறாகவோ மாந்தோலாகவோ (பாயில் ஊற்றிக் காயவைக்கும் தகடு) ஆக்கிவிடலாம். சாராய நெடி வந்தால் அது நொதித்துவிட்டது, உரக்குழிக்குத்தான். அதே மரத்தில் இன்னும் காய் இருந்தால் இன்றைக்கே இறக்குங்கள்.

அடுத்த வருடத்துக்கு, முற்றியதை அறியும் அடையாளங்கள் இவை. காம்பு இருக்கும் இடம் பள்ளமாகி, அதன் இரு பக்கமும் தோள் உயர்ந்திருக்கும். தோலின் கரும்பச்சை சற்று வெளிறும். மரத்தில் ஒன்றிரண்டு பழம் அடிபடாமல் தானாகவே விழத் தொடங்கும். அணில் கொறித்தது எல்லாம் கணக்கில் வராது. இவற்றோடு ஒரு வாளித் தண்ணீர்ச் சோதனையும் செய்யலாம். நாலைந்து காயைப் பறித்துத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் முற்றவில்லை. மூழ்கினால் முற்றிவிட்டது. மூழ்கியதை எடுத்து, லிட்டருக்கு 25 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அதிலும் மூழ்கினால் அளவுக்கு மீறி முற்றியது என்று எடுத்துக்கொள்ளலாம். அல்போன்சாவுக்கு இந்த உப்புத் தண்ணீர்ப் பிரிப்பு நன்றாக உதவும். நல்ல தண்ணீரில் மூழ்கி, உப்புத் தண்ணீரில் மிதக்கும் காய்தான் உங்களுக்கு வேண்டியது.

ஒரே நாளில் மொத்தத் தோப்பையும் உலுக்கி இறக்குவதை விடுங்கள். ஒரே மரத்தில் தெற்குப் பக்கமும் உச்சியும் முந்தும், உள்பக்கம் பிந்தும். இரண்டு மூன்று தடவையாகப் பறிப்பது கூலிக்குக் கட்டுப்படியாகாது என்பார்கள். மல்கோவா, இமாம்பசந்த் போன்ற விலையுள்ள ரகங்களுக்குக் கட்டாயம் கட்டுப்படியாகும். கூழுக்குப் போகும் பெங்களூராவுக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. குத்தகைக்கு விட்ட தோப்பென்றால், எந்த வாரத்துக்குள் இறக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் குத்தகைக்காரருக்கு இந்த ஒரு பருவத்துப் பழம் மட்டும்தான் கணக்கு. மரத்தின் அடுத்த வருடக் காய்ப்பு உங்கள் கணக்கு.

மரத்தடியில் சருகு மூடாக்குப் போடுவதும் உதவும். தரை அனல் குறையும்.

பழத்துக்குள் வெள்ளைப் புழு நெளிகிறது

பழத்தில் நெளியும் பொருள் இரண்டு வகை, குழப்பிக்கொள்ளக் கூடாது. சதையில் கால் இல்லாத வெள்ளைப் புழுக்கள் கூட்டமாக இருந்து, எடுத்துப் போட்டால் வளைந்து துள்ளினால் அது பழ ஈ. கொட்டைக்குள் ஒரே ஒரு கருத்த வண்டு உட்கார்ந்திருந்தால் அது கொட்டை வண்டு. காய் பிஞ்சாக இருக்கும்போதே கொட்டை வண்டு அதில் முட்டை வைத்துவிடும், துளை தானாக மூடிக்கொள்ளும், அதனால் வெளியே தழும்பே தெரியாது. அதைப் பழம் பறிக்கும் நாளை மாற்றித் தடுக்க முடியாது. விழுந்த பிஞ்சையும் கொட்டையையும் தோப்பில் விடாமல் அப்புறப்படுத்துவதுதான் வழி.

பழ ஈ அப்படியல்ல. தோல் இளகத் தொடங்கும் காய்தான் அதற்கு வசதி. கல்லுப் போன்ற முற்றிய பச்சைக் காயில் அதனால் அவ்வளவு எளிதாக முட்டை வைக்க முடியாது. மரத்திலேயே பழுக்க விடுவதற்கு எதிராக எனக்கு இருக்கும் இரண்டாவது காரணம் இது. பருவக் கடைசியில் வரும் நீலம் ரகத்தில் புழு அதிகம் என்று நாம் திட்டுகிறோம். அதற்குள் முந்தைய ரகங்களின் விழுந்த பழங்களில் ஈ ஒன்றுக்குப் பத்தாகப் பெருகியிருக்கும், நீலத்தின் தலையில் விடிகிறது.

விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்குங்கள். தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வெயிலில் வைத்தால் புழு செத்துவிடும், இல்லையென்றால் ஆழக் குழி வெட்டிப் புதையுங்கள். மேலாக மண் தள்ளினால் பயனில்லை, புழு மண்ணுக்குள்தான் கூட்டுப்புழு ஆகிறது, அதற்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். மீத்தைல் யூஜினால் பொறி ஆண் ஈக்களை இழுக்கும். பழம் பழுத்த பிறகு மாட்டினால் போதாது, காய் முற்றும் முன்பே மாட்டிவிட வேண்டும். பக்கத்துத் தோப்புக்காரரும் மாட்டினால்தான் முழுப் பலன்.

காம்பைச் சுற்றிக் கறுத்து, இரண்டு நாளில் பழம் முழுக்க அழுகிவிடுகிறது

பூஞ்சணம் மரத்தில் இருக்கும்போதே ஒட்டிக்கொண்டு, பழம் இளகும் வரை சும்மா இருக்கும். அதிகம் பழுத்த பழத்தில் வேகம் எடுக்கும். காயை இழுத்துப் பிடுங்காமல், காம்பில் ஒரு சென்டிமீட்டர் விட்டுக் கத்தரித்து எடுங்கள், பால் தோலில் வடியாமல் கவிழ்த்து வையுங்கள். 52 டிகிரி சூட்டுத் தண்ணீரில் 5 முதல் 10 நிமிடம் முக்கி எடுத்து நிழலில் ஆறவிட்டால் கரும்புள்ளி நோயும் இந்த அழுகலும் நன்றாகக் குறையும். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். மரத்தில் காய்ந்த குச்சிகளை வருடம் ஒருமுறை எடுத்துவிடுவதும் இதே நோய்க்கு மருந்துதான்.

பலாவில் சுளைக்குள் கொட்டை முளைத்திருக்கிறது. சீத்தாப்பழம் மரத்திலேயே வெடிக்கிறது

இரண்டும் தாமதம். பலாவில் முள் அகன்று மழுங்கி, தட்டினால் சத்தம் 'டொப்' என்று மந்தமாகக் கேட்டால் இறக்கிவிடுங்கள். முளைத்த கொட்டையைச் சமைக்கலாம், சுளைதான் சப்பென்று இருக்கும். சீத்தாவில் கண்களுக்கு நடுவே உள்ள கோடு அகன்று வெளிர் மஞ்சள் தெரிந்ததும் பறிக்க வேண்டும். இரண்டுமே பறித்த பிறகு பழுக்கும்.

ஆரஞ்சு பெரிதாக, அழகாக இருக்கிறது. உரித்தால் சாறு இல்லை

இங்கே கணக்கு மாறுகிறது. ஆரஞ்சும் எலுமிச்சையும் பறித்த பிறகு இனிப்பு ஏறாத சாதி. மரத்தில் என்ன ருசியோ அதுதான் கடைசி வரை. அதனால் மாங்காயைப் போல முன்கூட்டிப் பறித்து வைக்கோலில் மூட முடியாது. அதே நேரம் மரத்தில் விட்டுக்கொண்டே போனாலும் வேறு ஆபத்து வருகிறது.

கையில் எடுத்துப் பாருங்கள். பார்வைக்குப் பெரிது, எடை இல்லை, தோல் சதையை விட்டு உப்பி நிற்கிறது என்றால் பருவம் தாண்டிவிட்டது. உரித்தால் சுளையின் காம்புப் பக்கத்து முத்துகள் வெளுத்து, கெட்டித்து, மென்றால் சக்கையாக இருக்கும். சாறு முத்துகள் உள்ளே இறுகி வறண்டுவிட்டன. ஏற்காட்டின் நாட்டு ஆரஞ்சு, கமலா வகையைச் சேர்ந்த தளர்ந்த தோல் பழம், அதற்கு இந்தத் தோல் உப்பல் எளிதில் வரும். இளமரத்தின் பெரிய காய்களிலும் கடைசி நேரத்தில் தழைச்சத்தும் தண்ணீரும் அதிகமாகக் கொடுத்த மரங்களிலும் அதிகம் பார்க்கலாம்.

நிறத்தை மட்டும் நம்பிக் காத்திருப்பதுதான் பெரும்பாலும் இந்தத் தாமதத்துக்குக் காரணம். ஆரஞ்சின் தோல் மஞ்சளாவதற்கு இரவுக் குளிர் வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் குளிர் வந்ததும் நிறம் ஏறும். அதே மரம் கீழே அடிவாரத்தில் இருந்தால் உள்ளே பழுத்தும் வெளியே பச்சையாகவே நிற்கலாம். அதனால் அடிவாரத்துக்காரர்கள் நிறத்தை விட்டுவிட்டு ருசி பார்த்துப் பறிக்க வேண்டும். மலையில் இருப்பவர்கள் முக்கால் பங்கு நிறம் வந்ததும் தொடங்கிவிடலாம். திருகி இழுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள், காம்பிடத்தில் தோல் பெயர்ந்தால் அங்கேயே அழுகும்.

நாள் கடந்த ஆரஞ்சை மரத்தில் விட்டுவைப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. பழைய பழம் தொங்கும் மரம் அடுத்த பூவைக் குறைத்துக்கொள்ளும்.

காபிப் பழம் செடியிலேயே கருஞ்சிவப்பாகி, கறுத்துக் காய்கிறது

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். இருநூறு வருடமாக இங்கே அராபிகா வகைக் காபிதான் முக்கியப் பயிர். ஆனால் இன்றைக்கும் அதிகம் நஷ்டமாவது பறிப்பின் கடைசி வாரங்களில்தான். பூ விட்டு எட்டு ஒன்பது மாதத்தில் பழம் சிவக்கும். ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும். ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு சுற்றைத் தள்ளிப்போட்டால் முதலில் சிவந்தது கறுத்துவிடுகிறது.

அடையாளம் காண்பது சுலபம். நல்ல பழத்தை விரலால் அழுத்தினால் கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பருவம் தாண்டியது தோலோடு ஒட்டிக்கொள்ளும், வழவழப்பு வற்றியிருக்கும். அப்படிப்பட்டதைப் பல்பரில் (தோல் உரிக்கும் இயந்திரம்) போட்டால் தோல் சரியாகக் கழலாது, கொட்டை நசுங்கும். சதை கிளையிலேயே நொதித்துவிடுவதால் புளித்த வாடை கொட்டைக்குள் ஏறிவிடும், வறுத்த பிறகும் போகாது. ஒரு கூடை கறுத்த பழம் ஒரு தொட்டி நல்ல பழத்தையும் கெடுக்கும் என்பதால், இதில் கண்டிப்பு வேண்டும் என்றே சொல்வேன்.

செய்ய வேண்டியது இதுதான். பல்பருக்கு முன்னால் எல்லாப் பழத்தையும் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுங்கள். மிதப்பது காய்ந்தது, பூச்சி துளைத்தது, பொக்கு. அதை வழித்தெடுத்துத் தனியாகக் களத்தில் காயவைத்து, தோலோடு விற்கும் செர்ரி காபியாக மாற்றிவிடுங்கள். மூழ்கினதில் கறுத்ததைக் கையால் பொறுக்குங்கள். பச்சையையும் அப்படியே. தோலோடு காய்வதற்கு நாள் அதிகம் பிடிக்கும், மெல்லிய அடுக்காகப் பரப்பி, கிளறிவிட்டு, ஈரம் 11 சதவீதத்துக்குப் பக்கம் வரும் வரை காயவேண்டும். மூட்டையில் அவசரமாகக் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

பழத்தின் நுனியில், தொப்புள் போன்ற இடத்தில், குண்டூசி முனை அளவு துளை இருந்தால் அது காய்த் துளைப்பான். இந்தச் சின்னக் கறுப்பு வண்டு ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்துக்குப் பிழைத்து வருவது எதில் தெரியுமா? பறிக்காமல் விட்ட பழத்திலும் கீழே கொட்டிக்கிடக்கும் பழத்திலும்தான். கடைசிப் பறிப்பு முடிந்த பிறகு செடியில் ஒட்டிக்கொண்டிருப்பதையும் தரையில் கிடப்பதையும் முழுக்கப் பொறுக்கி எடுக்க ஒரு சுற்று ஆள் விடுங்கள். அந்தச் சுற்றில் கிடைக்கும் காபிக்கு விலை இருக்காது, கூலிதான் செலவு. அடுத்த வருடத் துளைப்பானுக்கு இதைவிட மலிவான தடுப்பு கிடையாது. பொறுக்கியதைக் கொதிநீரில் முக்கி எடுத்துவிட்டுக் காயவையுங்கள்.

நிழல் மரத்தில் ஏற்றிய மிளகிலும் இதே கண் வேண்டும். சரத்தில் ஒன்றிரண்டு மணி மஞ்சளாகவோ சிவப்பாகவோ திரும்பியதும் பறித்துவிட வேண்டும், சரம் முழுக்கச் சிவக்கக் காத்திருந்தால் பாதி உதிர்ந்துவிடும்.

காபிக் கிளை நுனியிலிருந்து கருகி வருகிறது

கிளையில் இலை குறைவு, காய் மட்டும் கொத்துக் கொத்தாக இருந்தால் நோய் மருந்து தேடாதீர்கள். செடி தாங்க முடியாத அளவு காய்த்துவிட்டது, அதையும் தாமதமாகப் பறித்திருக்கிறோம். விதைக்கு அனுப்புவதை எந்தச் செடியும் நிறுத்தாது, இலைக்கும் வேருக்கும் உரியதை எடுத்து விதைக்குக் கொடுத்துவிடும். காயை உடனே இறக்கி, கருகிய நுனியை உயிருள்ள இடம் வரை வெட்டி, நிழலைச் சரிசெய்து, மழை வந்ததும் உரம் வையுங்கள்.

தண்டில் வளையம் வளையமாக மேடு தெரிந்து, இலை மஞ்சளித்து நின்றால் கதை வேறு. அது வெள்ளைத் தண்டு துளைப்பான். வயதான, நிழல் குறைந்த அராபிகாவில் அதிகம். வண்டு வெளியே பறக்கும் காலம் ஏப்ரல்-மே, பிறகு அக்டோபர் முதல் டிசம்பர். அதற்கு முன்பே, மார்ச்சிலும் செப்டம்பரிலும், மேடு விழுந்த செடிகளைத் தேடிப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். இரக்கப்பட்டு விட்டுவைத்த ஒரு செடி சுற்றியுள்ள செடிகளுக்கெல்லாம் வண்டு அனுப்பும்.

துளைப்பான் இல்லாமல், வெறும் வயதால் மட்டும் காய்ப்பு குறைந்த செடிகளைப் பிடுங்க வேண்டாம். பறிப்பு முடிந்ததும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்தது) தடவி, வரும் துளிரில் நல்லதாக ஒன்றிரண்டை மட்டும் விட்டு வளர்த்தால், மூன்றாம் வருடம் வாக்கில் மறுபடி காய்ப்புக்கு வரும். வேர் பழையது என்பதால் புதுக் கன்றைவிட வேகம் அதிகம்.

மாமரம் பெரிதாக, பச்சையாக நிற்கிறது, காய்ப்பு இல்லை

முதலில் இது ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்க்கும் வழக்கமா என்று பாருங்கள். போன வருடம் கிளை ஒடியக் காய்த்து, அதையும் கடைசி வரை தொங்கவிட்டிருந்தால், இந்த வருடம் மரம் ஓய்வெடுக்கிறது. வயதின் மேல் பழி போட வேண்டாம். மல்கோவா இளமையிலேயே இப்படித்தான், பெங்களூரா ஓரளவு வருடா வருடம் காய்க்கும்.

இரண்டு மூன்று வருடமாகவே குறைந்துகொண்டு வந்தால், உச்சி வெயிலில் மரத்தடியில் போய் நில்லுங்கள். தரையில் ஒரு பொட்டு வெயில்கூட விழவில்லை, உள்கிளைகள் இலையில்லாமல் வெறும் குச்சியாக இருக்கின்றன, பச்சை எல்லாம் வெளிக்குடையில் மட்டும் இருக்கிறது, புதுத் துளிர் ஒரு சாண்கூட நீளவில்லை என்றால், மரத்துக்கு வெளிச்சப் பஞ்சம். நாற்பது ஐம்பது வருடத் தோப்புகளில் பக்கத்து மரங்களின் கிளைகள் பின்னிக்கொண்ட பிறகு இதுதான் நடக்கிறது. தத்துப்பூச்சிக்கும் கரும்பூசணத்துக்கும் அந்த இருட்டு பிடித்த இடம்.

இதற்குக் கிளைகளைக் குறைத்து வெட்டிப் புதுப்பிக்கும் முறை இருக்கிறது. லக்னோவில் உள்ள மத்திய துணை வெப்பமண்டலத் தோட்டக்கலை நிறுவனம் இதைப் பழைய மாந்தோப்புகளில் செய்து பரப்பியது. நாலா பக்கமும் நன்றாகப் பிரியும் மூன்று நான்கு தாய்க்கிளைகளை மட்டும் வைத்துக்கொண்டு, தரையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் வெட்டிவிடுவார்கள். பார்க்கவே வயிற்றைக் கலக்கும், மரத்தைக் கொன்றுவிட்டோமோ என்று தோன்றும். நாலைந்து மாதத்தில் வெட்டிய இடமெல்லாம் துளிர் கொப்பளிக்கும்.

நம் பக்கத்தில் ஒரே வருடத்தில் முழு மரத்தையும் மொட்டையடிப்பதை நான் விரும்புவதில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் மூடாத கிளைப்பட்டை வெந்துவிடும். அறுவடை முடிந்த கையோடு, முதல் வருடம் நடுவில் நிமிர்ந்து நிற்கும் கிளையை மட்டும் எடுத்து வெளிச்சத்தை உள்ளே விடுங்கள், அடுத்தடுத்த வருடங்களில் பக்கத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். பாதி மரம் காய்த்துக்கொண்டே இருக்கும், வருமானமும் நிற்காது. பெரிய கிளையை அறுக்கும்போது முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுங்கள். இல்லையென்றால் கிளை தன் பாரத்தில் முறியும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையமாகப் புடைத்திருக்கும் பகுதியை வெட்டாமல் விடுங்கள், காயம் மூடுவது அங்கிருந்துதான். வெட்டுவாயில் போர்டோ பசை, வெயில் படும் பட்டையில் சுண்ணாம்பு.

வெட்டுவதோடு வேலை முடிவதில்லை, அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வந்த துளிரை அப்படியே விட்டால் மூன்று வருடத்தில் மறுபடி காடு. ஒரு கிளைக்கு வெளிநோக்கிப் போகும் எட்டு பத்துத் துளிரை மட்டும் விட்டு மீதியைக் கிள்ளிவிடுங்கள். தொழு உரமும் தண்ணீரும் கொடுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் பூ வரும். இந்தக் காலத்தில் தண்டில் மரத்தூள் கொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். கொட்டினால் தண்டு துளைப்பான் உள்ளே இருக்கிறது. வளைந்த கம்பியை விட்டுப் புழுவை இழுத்தெடுத்து, துளையை மண் குழைத்து அடைக்க வேண்டும்.

கிளையின் நடுவில் வேறு மாதிரி இலைக்கொத்து

புல்லுருவி. கவனிக்காமல் விட்ட பழைய தோப்புகளில் கிளை கிளையாக இருக்கும். பூங்கொத்திக் குருவிகள் அதன் பழத்தைத் தின்று, பிசுபிசுப்பான விதையைக் கிளையில் ஒட்டிவிட்டுப் போகும். விதை முளைத்து வேரைக் கிளைக்குள் இறக்கி மரத்தின் சாற்றை உறிஞ்சும். அதற்கு மேலே உள்ள நுனிக்கிளை மெலிந்து காயும். கொத்தை மட்டும் ஒடித்தால் உள்ளே இருப்பது மறுபடி துளிர்க்கும். ஒட்டிய இடத்துக்கு ஓரடி கீழே கிளையோடு வெட்டுங்கள், அது பழம் விடும் முன்பே.

தண்டில் பொந்து, தட்டினால் வெற்றுச் சத்தம்

பொந்து விழுந்த மரம் செத்துக்கொண்டிருக்கும் மரம் என்று நினைக்க வேண்டாம். வைரம் பாய்ந்த நடுப்பகுதி உயிரில்லாத கட்டை, மரத்தைத் தாங்குவதோடு அதன் வேலை சரி. தண்ணீரும் உணவும் போவது பட்டையை ஒட்டிய வெளிவளையத்தில்தான். அதனால்தான் நடு முழுக்கக் கோறையான புளியமரமும் மாமரமும் பச்சைப்பசேலென்று காய்க்கின்றன. கேள்வி உயிரைப் பற்றியது இல்லை, பலத்தைப் பற்றியது.

மரச்சுத்தியால் தண்டைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வெற்றுச் சத்தமா, எல்லாப் பக்கமுமா? பொந்தின் வாயில் நல்ல மரச்சுவர் எவ்வளவு தடிமன்? தண்டின் நடுவிலிருந்து பட்டை வரை உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்காவது கெட்டியாக இருந்தால் பொதுவாகத் தாங்கும். மேல்கிளைகளின் பாரத்தைக் குறைத்துவிட்டு மரத்தை விட்டுவிடுங்கள். பொந்தைச் சிமெண்டால் அடைக்காதீர்கள். காற்றில் மரம் அசையும், சிமெண்ட் அசையாது, இடுக்கில் ஈரம் தங்கி அழுகல் கூடும். சுத்தம் செய்கிறேன் என்று உள்ளே நல்ல மரம் வரை சுரண்டவும் கூடாது, அழுகலைத் தடுக்க மரம் தானே எழுப்பிய சுவரை உடைத்ததாகிவிடும். கிளியோ ஆந்தையோ குடியிருந்தால் அவை இருக்கட்டும். தோப்பில் எலியைக் குறைப்பதில் ஆந்தைக்கு ஈடு இல்லை.

அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் கெட்டியான காளான் வந்திருந்தால்தான் உண்மையில் பயப்பட வேண்டும். வேரும் அடியும் அழுகுகின்றன என்பதற்கு அது அடையாளம். அதோடு மரம் புதிதாகச் சாய்ந்திருந்தாலோ, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து எழும்பியிருந்தாலோ, பக்கத்தில் வீடோ சாலையோ இருந்தால் காத்திருக்காதீர்கள். ஏற்காட்டுத் தோட்டங்களில் உயர்ந்துவிட்ட சில்வர் ஓக்குக்கும் இதே சோதனை செய்யுங்கள், அதன் கிளை காற்றில் சட்டென்று முறியும் வகை. மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு, அதனால் ஆளைக் கூப்பிடும் முன் வனத்துறையில் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படி எடுத்த மரத்தின் குழியிலேயே புதுக் கன்றை வைக்க வேண்டாம். காளான் பழைய வேர்க்கட்டைகளில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். வேர்களை முடிந்தவரை தோண்டி எடுத்து எரித்துவிட்டு, கன்றை நாலைந்து மீட்டர் தள்ளி, இரண்டு பழைய மரங்களுக்கு நடுவே வெயில் விழும் இடம் பார்த்து நடுங்கள்.